தனிவழிச் செலவு

தனியே ஊர் காணச் செல்வோரை உலகம் இருவகையாக நோக்குகின்றது. துணிவுடையார் என்பர் சிலர். துணையற்றார் என்று இரங்குவர் பலர். தனிச் செலவு குற்றமன்று. அஃது ஒரு கல்வியேயாகும். ஆயினும், முறையறிந்து கற்றாலன்றி எக்கல்வியும் பயன் தாராது. இவ்வுண்மையை மாமல்லபுரம் போன்ற கடற்கரை ஊர்களில் தெளிவாகக் காணலாம்.

சென்னைக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏறத்தாழ 55 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது மாமல்லபுரம். இவ்வூரின் கலைச் சின்னங்களை யுனெஸ்கோ நிறுவனம் 1984-ஆம் ஆண்டில் உலக மரபுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றது. விடுமுறை நாள்களில் கடற்கரைக் கோயிலின் முன் கூட்டம் அலைமோதும். கூட்டத்தோடு வந்தவர் கூட்டத்தோடே நகர்தல் வேண்டும். ஒருவர்க்குப் பசிக்கும், ஒருவர்க்குக் கால் நோகும், ஒருவர்க்கு நேரமாகும். தனியே வந்தவர்க்கு அத்தடையில்லை. அருச்சுனன் தவம் என்றும் பகீரதன் தவம் என்றும் வழங்கும் பெரும்பாறைச் சிற்பத்தின் முன் அவர் ஒரு நாழிகை நிற்கலாம். யானையைக் கண்டு வியந்து நகர்வோர் பலர். யானையின் அருகே முன்கால்களை உயர்த்தித் தவஞ்செய்யும் பூனையையும், அதனைச் சூழ்ந்த எலிகளையும் காண்போர் சிலரே.

அப்பூனை தனிவழியார்க்கு நல்லாசிரியன். தவக்கோலமெல்லாம் தவமாகிவிடா. வலிய வந்து நட்புக் கொண்டாடுவோரை ஆராய்ந்தே நம்புதல் வேண்டும்.

கடலும் அத்தகையதே. அலைகளாற் கரையேறிய நீர், சிற்சில இடங்களிற் குறுகிய வழியே கடலை நோக்கி விரைந்து மீளும். அவ்விடம் அலை குறைந்து அமைதியாகத் தோன்றுதலும் உண்டு. அதில் அகப்பட்டவர் எதிர்த்து நீந்தினால் களைத்து அமிழ்வர். கரைக்கு இணையாக நீந்தி, இழுப்பினின்று விலகிய பின்னரே கரை நோக்கி வருதல் வேண்டும். கூட்டமாய்க் குளிப்பவர்க்குக் குரல் கொடுக்கக் கரையில் ஒருவர் உண்டு. தனியரை அலை கொண்டுபோனால் தேடுவாரும் இலர். மணலிற் கிடக்கும் உடையே செய்தி சொல்லும். ஆதலின், தனியே ஊர் காணலாம். தனியே கடலில் இறங்கலாகாது. செல்லுமிடத்தையும் மீளும் பொழுதையும் வீட்டார்க்கு அறிவித்தல் அச்சமன்று, அறிவுடைமையாகும்.

கடமை ஊரார்க்கும் உண்டு. தனியே வந்தவர், அதிலும் பெண்ணொருத்தி, அறை கேட்டால் ஐயுற்று நோக்கும் விடுதிகள் பல ஊர்களில் உள்ளன. கூட்டமாய் வந்து கூச்சலிடுவோர்க்குத் திறக்கும் கதவு, அமைதியாய் வந்த ஒருவர்க்கு அடைபடுதல் முறையோ? தனியராய் வந்தவர்க்குத் தீங்கு நேரின் பழி தம்மைச் சேரும் என்பர் விடுதியார். அவ்வச்சத்துக்கு மருந்து கதவடைத்தல் அன்று. அடையாளச் சான்றைப் பார்த்து, பெயரைப் பதிந்து, இடமும் கொடுத்து, எச்சரிக்கையும் கூறுதலே. இடம் பெறாதவர் இருளில் தெருவில் நின்றால் தீங்கு குறையுமோ, மிகுமோ?

விருந்து புறந்தருதல் தமிழர் மரபு. பலரோடு வந்தவரைப் பேண உடன்வந்தோர் உளர்; தனியே வந்தவரைப் பேண ஊரன்றி வேறு யாவர் உளர்? ஓர் ஊரின் பண்பு அங்குக் கூடும் கூட்டத்தால் அறியப்படுவதன்று. தனியே வந்த ஒருவர் நலமே திரும்புதலால் அறியப்படுவதாகும்.