வாள் போனாலும் கயிறு இருக்கிறது

கிமோனோவின் மேல் இடுப்பைச் சுற்றிய அகலமான ஒபிப் பட்டைக்கு நடுவே, ஒல்லியான பட்டுக் கயிறு ஒன்று ஓடும். ஒபிஜிமே என்பார்கள். முதுகுப்பக்கம் போட்ட கட்டு சரியாமல் பிடித்துக்கொள்வது அதுதான். கிமோனோ உடுத்துவோர் குறைந்துவிட்டதால் இந்தப் பின்னல் கலையும், அதாவது குமிஹிமோவும், போய்விடும் என்று வருந்துகிறவர்கள் உண்டு. கயிற்றின் வரலாற்றைப் பார்த்தால் அந்தக் கவலைக்கு அவ்வளவு இடமில்லை. ஜப்பானின் நாரா நகரிலுள்ள ஷோசோயின் கருவூலத்தில் 8-ஆம் நூற்றாண்டுப் பின்னல்கள் இருக்கின்றன. ஒபிஜிமே பரவியதோ 19-ஆம் நூற்றாண்டில், ஒபியைப் பெட்டிபோல் மடித்துக் கட்டும் 'தைக்கோ' முடிச்சு வந்த பிறகு. இடையில் இந்தக் கயிற்றை வாங்கியவர்கள் பெரும்பாலும் போர்வீரர்கள். கவசத்தின் தகடுகளைக் கோத்ததும் வாளுறையைக் கட்டியதும் இதுவே. 1876-இல் மெய்ஜி அரசு வாள் அணியத் தடை போட்டதும் அந்தப் பிழைப்பில் மண் விழுந்தது. பின்னியவர்கள் பெண்களின் ஒபிக்குத் திரும்பினார்கள். ஆக, நாம் மரபு என்று கைகூப்புவது அன்றைக்கு வேறு வழியின்றித் தேடிக்கொண்ட புது வியாபாரம்.

காப்பாற்ற வேண்டியது கையின் பழக்கத்தைத்தான். மருதாய் என்ற வட்டப் பலகையின் நடுவில் ஓட்டை. விளிம்பைச் சுற்றி, ஈயம் வைத்த மர உருளைகள் நூலோடு தொங்கும். எதிரெதிர் உருளைகளை மாற்றி மாற்றிப் போட, கயிறு ஓட்டை வழியே கீழிறங்கும். அடியில் கட்டிய எடைப்பை அதை இழுத்துக்கொண்டே இருக்கும். நூல்கள் சாய்வாக ஓடுவதால் கயிறு கொஞ்சம் நெகிழ்ந்து, பிறகு இறுகும். மூச்சு விட்டாலும் கட்டு தளராதது அதனால்தான்.

எந்திரமும் பின்னுகிறதே என்பார்கள். பின்னுகிறது, மலிவாகவும் தருகிறது. அதோடு விலையில் போட்டியிடுவது வீண். இன்னொரு ஆட்சேபம் கனமானது: ஒபிஜிமேவுக்குப் பதிலாகக் கைவளையமும் சாவிக்கயிறும் விற்று, தகாதாய் என்ற பெரிய தறியில் நாள்கணக்கில் பின்னுகிறவருக்குக் கூலி கட்டுமா? கட்டாது. அந்த வேலைக்கு ஒபிஜிமே வாங்குவோர் இன்றும் தேவை. ஆனால் 2016-இல் வந்த 'கிமி நோ நா வா' படத்தின் நாயகி குமிஹிமோவைக் கட்டியது ஒபியில் அல்ல, கூந்தலில். அதைப் பார்த்துவிட்டு வளையம் பின்னிப் பார்க்க வருகிறவரும் அதே மருதாய் முன்தான் உட்கார வேண்டும். உருளையை எந்தக் கையால் எடுத்து எங்கே போடுவது என்பதில்தான் அவருக்கும் பாடம் தொடங்குகிறது.