சோறு போய்ச் சப்பாத்தி வந்தால் சர்க்கரை குறையுமா?

சர்க்கரை நோய் என்று தெரிந்ததும் தமிழ்க் குடும்பங்களில் இரவுச் சோறு நின்று சப்பாத்தி வந்துவிடுகிறது. காலையில் கேழ்வரகுக் கூழும் சேர்ந்துகொள்கிறது. அரிசிதான் பகை, கோதுமையும் சிறுதானியமும் மருந்து என்ற நம்பிக்கை நோயாளியை ஏமாற்றிவைக்கிறது. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட அட்டவணைப்படி, 100 கிராம் தீட்டிய அரிசியில் மாவுச்சத்து ஏறக்குறைய 78 கிராம். கேழ்வரகில் 67, கோதுமை மாவில் 64. பின்னிரண்டிலும் நார்ச்சத்து கூடுதல் என்பது உண்மைதான். ஆனால் 30 கிராம் மாவில் இட்ட ஒரு சப்பாத்தியிலேயே 19 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. நாலு சப்பாத்தியை உருளைக்கிழங்கு குருமாவோடு சாப்பிட்டு எழுந்தால் 80 கிராமைத் தாண்டிவிடும். அளவான ஒரு கிண்ணம் சோற்றைப்போல அது ஏறக்குறைய இரண்டு மடங்கு.

சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆய்வு நிறுவனம் முன்னின்று நடத்திய ஐ.சி.எம்.ஆர்.-இன்டியாப் ஆய்வு, 2025இல் 'நேச்சர் மெடிசின்' இதழில் இதைத்தான் சொன்னது. இந்தியர்களின் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்தே வருகிறது. மொத்த அளவைக் குறைக்காமல் தானியத்தை மட்டும் மாற்றினால் நோய் அபாயம் குறைவதாகத் தெரியவில்லை. கலோரியில் 5 சதவீத அளவுக்கு மாவுச்சத்தை விட்டுப் பருப்பு, பால் புரதத்துக்கு மாறினால் அபாயம் குறைவாக இருந்தது. ரத்தச் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதில் மாவுச்சத்தைக் குறைப்பதற்கே மிகுதியான சான்று உண்டென்று அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் 2019 அறிக்கையும் சொல்கிறது.

தாத்தா மூன்று வேளையும் சோறு தின்று நன்றாகத்தானே இருந்தார் என்பார்கள். நாள் முழுக்க ஏர் பிடித்த உடல் எரித்த சோற்றை, நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் உடல் எரிப்பதில்லை. குறைத்தால் தெம்பு போய்விடும் என்ற பயமும் வீண். தேவையான குளுக்கோஸைக் கல்லீரல் புரதத்திலிருந்தும் உண்டாக்கிக்கொள்ளும். அதற்காக அடியோடு நிறுத்தச் சொல்லவில்லை. 23 ஆய்வுகளைத் தொகுத்து 2021இல் பி.எம்.ஜே. இதழில் வந்த கட்டுரையில், மாவுச்சத்தைக் கடுமையாகக் குறைத்தவர்களின் ஆறு மாத ஆதாயம் ஓராண்டில் தேய்ந்திருந்தது. காலமெல்லாம் தாங்கும் அளவே போதும். இன்சுலினோ கிளிமிபிரைடு மாத்திரையோ எடுப்பவர்கள் மருத்துவரிடம் மருந்தளவைத் திருத்திக்கொள்ளாமல் உணவைக் குறைத்தால் தாழ்சர்க்கரையில் மயங்கி விழக்கூடும்; சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் புரதத்தைக் கூட்டுமுன் கேட்டே ஆக வேண்டும்.

வலுவான மறுப்பு ஒன்றுதான்: பருப்பும் முட்டையும் விலை அதிகம். தமிழக ரேஷன் கடையில் அரிசி இலவசம். துவரம் பருப்போ அட்டைக்கு மாதம் ஒரு கிலோ, 30 ரூபாய். இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு ஏழை நோயாளியிடம் உணவுக் கட்டுப்பாடு பேசுவது அநியாயம். விரும்பும் குடும்பங்கள் அரிசியில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்துப் பருப்பாகவோ கொண்டைக்கடலையாகவோ வாங்கிக்கொள்ள அரசு வழிசெய்ய வேண்டும்.