சிலையின் கையிலுள்ள புத்தகம்

நம் ஊர்களில் அம்பேத்கருக்குச் சிலை உண்டு. சிலைக்குக் கூண்டும் உண்டு. அவர் எழுதிய புத்தகங்கள் எத்தனை ஊர் நூலகங்களில் உண்டு?

அவர் சட்டமேதை மட்டுமல்லர், பொருளியல் அறிஞரும்கூட. ரூபாயின் சிக்கலை ஆராய்ந்து லண்டனில் டி.எஸ்சி. பட்டம் பெற்றார், அந்த ஆய்வு 1923-இல் நூலானது. மாகாண நிதி பற்றிய நூல் 1925-இல் வந்தது. தீண்டப்படாதோரின் வரலாற்றை 1948-இல் எழுதினார். இயற்பியலில் மேகநாத் சாகா. சாதி இழிவைச் சந்தித்த சிறுகடைக்காரர் மகன். ஐன்ஸ்டீனின் சார்பியல் கட்டுரைகளைச் சத்யேந்திரநாத் போஸுடன் ஆங்கிலத்தில் பெயர்த்தார். 1920-இல் கல்கத்தா பல்கலைக்கழகம் வெளியிட்டது.

நம் விடுதி மாணவர்க்கோ போட்டித்தேர்வுக் கையேடே போதும் என்கிறார்கள். கையேடு வேலைக்கு வேண்டும், மறுக்கவில்லை. ஆனால், "கனமான புத்தகம் இந்தப் பிள்ளைகளுக்கு எதற்கு?" என்ற கேள்வியில் சாதி ஒளிந்திருக்கிறது. கடனும் விலைவாசியும் முதலில் அடிப்பது நம் தெருவைத்தான். அவற்றின் கணக்கை நாம் படிக்காமல் வேறு யார் படிப்பது?

வீட்டுவரியோடு நூலகவரியும் கட்டுகிறோம். மாணவர்களே, நூலகரிடம் இந்த நூல்களைக் கேளுங்கள். இல்லையென்றால் எழுதிக் கொடுங்கள். மாலை போடுவதைவிட அது பெரிய மரியாதை.