றோய் கீனின் முதலாவது பருவகாலமும் நயல் குவினின் அழைப்பும்

கோபக்காரர் என்று பெயரெடுத்த உதைபந்தாட்ட வீரர் ஒருவர் முகாமையாளராகி முதல் வருடத்திலேயே வெற்றியும் பெற்றுவிட்டால், அந்த வெற்றி முழுவதையும் பத்திரிகைகள் அவரது கோபத்தின் கணக்கிலேயே வரவு வைத்துவிடும். சினங்கொண்ட மனிதர் என்பது எங்கள் தொழிலில் என்றுமே விலைபோகும் சரக்கு. அயர்லாந்தின் றோய் கீன் 2006 ஆகஸ்டில் சண்டர்லண்ட் கழகத்தைப் பொறுப்பேற்று, 2007 மே மாதத்தில் அதனை இங்கிலாந்தின் இரண்டாம் நிலைத் தொடரான சம்பியன்ஷிப்பின் முதலிடத்துக்குக் கொண்டுவந்த வரலாறும் பெரும்பாலும் அவ்வாறுதான் எழுதப்பட்டது. பயந்த வீரர்கள் ஓடினார்கள், ஓடியதால் வென்றார்கள் என்பதே அந்தக் கதையின் சாரம்.

என்னால் அதனை ஏற்றுக்கொள்ள முடியவில்லை. அந்த வெற்றிக்கு உரியவர்களின் பட்டியலை என்னிடம் எழுதச் சொன்னால், முதலாவது பெயராக நான் எழுதுவது கீனை அல்ல. அவரை அழைத்துவந்த நயல் குவினையே.

இதனை விளங்கிக்கொள்வதற்கு 2002 ஆம் ஆண்டுக்குச் செல்லவேண்டும். தென்கொரியாவிலும் யப்பானிலும் நடைபெற்ற உலகக் கிண்ணப் போட்டிகளுக்கு முன்னதாக அயர்லாந்து அணி பசுபிக் சமுத்திரத்தின் சைப்பான் தீவில் முகாமிட்டிருந்தது. அங்கே பயிற்சி மைதானம் மோசமாக இருந்தது, உபகரணங்கள் உரிய வேளையில் வந்து சேரவில்லை என்று அணித் தலைவரான கீன் குறைகூறினார். அவர் பத்திரிகைக்கு அளித்த பேட்டி குறித்து முகாமையாளர் மிக் மக்கார்த்தி அணியினர் முன்னிலையில் விளக்கம் கேட்டபோது, கீன் மிகக் கடுமையான வார்த்தைகளால் அவரைத் தாக்கினார். விளைவாக, உலகக் கிண்ணத்தில் ஒரு நிமிடமேனும் ஆடாமல் அவர் நாடு திரும்ப நேர்ந்தது. அயர்லாந்து மக்கள் இரு முகாம்களாகப் பிரிந்து நின்றனர். அன்று மக்கார்த்தியின் பக்கத்தில் பகிரங்கமாக அமர்ந்த மூத்த வீரர்களில் ஒருவர் குவின். அதற்குச் சில நாட்கள் முன்னர் குவினின் நீண்டகால சேவையைக் கௌரவித்து சண்டர்லண்டில் நடைபெற்ற ஆட்டத்திலும் கீன் ஆடவில்லை. அந்த ஆட்டத்தில் கிடைத்த பணத்தைக் குவின் சிறுவர் மருத்துவத்துக்கு அன்பளிப்புச் செய்தார் என்பதையும் இங்கு குறிப்பிடவேண்டும்.

அதே மக்கார்த்திதான் பின்னர் சண்டர்லண்ட் கழகத்தின் முகாமையாளராகி, 2005-06 பருவகாலத்தின் நடுவே பதவியிழந்தார் என்பது இந்த வரலாற்றின் இன்னொரு முடிச்சு. அந்தப் பருவகாலத்தில் கழகம் பெற்ற மொத்தப் புள்ளிகள் 15. பிறீமியர் லீக்கில் அதுவரை எந்தக் கழகமும் அவ்வளவு குறைவாகப் பெற்றதில்லை.

சண்டர்லண்ட் எத்தகைய ஊர் என்பதையும் வாசகர்கள் அறிந்திருப்பது நல்லது. இங்கிலாந்தின் வடகிழக்கில் வெயர் ஆற்றங்கரையில் அமைந்த இந்த ஊர், கப்பல் கட்டியும் நிலக்கரி அகழ்ந்தும் வாழ்ந்தது. கடைசிக் கப்பல் கட்டும் தளங்கள் 1988 இல் மூடப்பட்டன. மொங்வெயர்மவுத் சுரங்கம் 1993 இல் மூடப்பட்டது. 1997 இல் திறக்கப்பட்ட கழகத்தின் மைதானம் அந்தச் சுரங்கம் இருந்த நிலத்திலேயே எழுந்தது. மைதானத்துக்கு வெளியே சுரங்கத் தொழிலாளியின் விளக்கு ஒன்று நினைவுச் சின்னமாக நிற்கிறது. வேலையும் போய் வருமானமும் போன ஊரில், எஞ்சியிருந்த பொதுச்சொத்து இந்தக் கழகம் ஒன்றே. அது தோற்றுக்கொண்டிருப்பதை அம்மக்கள் வெறும் விளையாட்டுச் செய்தியாக வாசித்திருக்க மாட்டார்கள்.

அங்கு ஆறு வருடங்கள் ஆடிய குவின், 2006 கோடையில் அயர்லாந்து வர்த்தகர்களைத் திரட்டிக் கழகத்தை வாங்கினார். தலைவர் பதவியோடு, உரிய முகாமையாளர் கிடைக்காத காரணத்தால் அந்தப் பொறுப்பையும் தாமே ஏற்றார். லீக்கின் முதல் நான்கு ஆட்டங்களிலும் தோல்வி. லீக் கிண்ணத்தில் நான்காம் நிலைத் தொடரின் அடியில் கிடந்த பெரி கழகத்திடமும் தோல்வி. ஆறாவது ஆட்டத்தில் வெஸ்ட் புறோமை 2-0 என வென்றபோது, பார்வையாளர் வரிசையில் கீன் அமர்ந்திருந்தார்.

தமக்கு முகாமையாளர் வேலை பொருந்தவில்லை என்பதைக் குவின் ஐந்து தோல்விகளில் கண்டுகொண்டார். ஐம்பது தோல்விகளின் பின்னரும் அதனைக் கண்டுகொள்ளாதவர்களை விளையாட்டிலும் அரசியலிலும் நான் நிறையவே பார்த்திருக்கிறேன். அதனிலும் மேலானது அவர் அடுத்துச் செய்த காரியம். நான்கு வருடங்களுக்கு முன்னர் எந்த மனிதருக்கு எதிராகத் தாம் பகிரங்கமாக நின்றாரோ, அந்த மனிதரையே அவர் அழைத்தார். கீன் அப்பொழுது ஓய்வு பெற்று ஓரிரு மாதங்களே ஆகியிருந்தன. முகாமையாளராக ஒரு நாள் அனுபவமும் அவருக்கு இல்லை. 2005 நவம்பரில் சக வீரர்களைக் கழகத்தின் தொலைக்காட்சிக்கு அளித்த பேட்டியில் விமர்சித்ததன் பின்னர் மன்செஸ்டர் யுனைட்டட்டை விட்டு வெளியேறியவர் அவர். அத்தகையவரை அழைப்பதற்குத் துணிவு வேண்டும். தம்மைவிடப் பெரிய வீரர் ஒருவரின் நிழலில் தலைவராக அமர்வதற்கோ துணிவைவிட அரியதான ஒன்று வேண்டும்.

அழைப்பை ஏற்று வந்த கீனுக்கும் பாதிப் புகழ் உண்டு. வீரர் மாற்றத்துக்கான கடைசி நாளான ஆகஸ்ட் 31 இல் ஆறு வீரர்களைச் சேர்த்தார். டொபாகோவைச் சேர்ந்த பழைய தோழர் ட்வைட் யோர்க் அவுஸ்திரேலியாவிலிருந்து வந்தார். ஏனையோரில் பெரும்பாலானவர்கள் நட்சத்திரங்கள் அல்லர். டார்பி கழகத்துக்கு எதிரான முதலாவது ஆட்டத்தில் 2-1 என வெற்றி. அடுத்து லீட்ஸ் மைதானத்தில் 3-0. அதன் பின்னர் சில மாதங்கள் வெற்றியும் தோல்வியும் மாறிமாறி வந்தன என்பதை, பயத்தால் ஓடிய கதையை எழுதுவோர் சொல்வதில்லை. பயமே காரணமென்றால் ஒக்டோபரிலும் நவம்பரிலும் அந்தப் பயம் எங்கே போயிருந்தது?

உண்மையான திருப்பம் 2007 ஜனவரியில் வந்தது. மன்செஸ்டர் யுனைட்டட்டிலிருந்து இரவலாக வந்த இளைஞர் ஜொனி எவன்ஸ் பின்களத்தை உறுதியாக்கினார். ட்ரினிடாட் வீரர் கார்லோஸ் எட்வர்ட்ஸ் வலது ஓரத்துக்கு வேகம் சேர்த்தார். பொருத்தமான ஆட்களைப் பொருத்தமான இடங்களில் நிறுத்தியமையே அங்கு நடந்தது. இது சுவையான தலைப்புச் செய்தி ஆகாது.

மார்ச் மாதத்தில் பான்ஸ்லிக்குப் புறப்படவேண்டிய பஸ்ஸுக்கு மூன்று வீரர்கள் தாமதமாக வந்தனர். கீன் அவர்களை விட்டுவிட்டுப் பஸ்ஸை எடுக்கச் சொன்னார். அணி 2-0 என வென்றது. எல்லோரும் திரும்பத் திரும்பச் சொல்லும் சம்பவம் இதுவே. இதனைக் கொடுங்கோன்மைக்குச் சான்றாகக் காட்டுவோருக்கு நான் சொல்வது ஒன்றுதான்: குறித்த நேரத்தில் வந்திருந்த மற்ற வீரர்களை மதித்ததாகவும் அதனைக் கொள்ளலாமல்லவா?

ஏப்ரல் 27 இல் பேர்ன்லிக்கு எதிரான ஆட்டம் 2-2 என நின்றபோது, இறுதிக் கட்டத்தில் எட்வர்ட்ஸ் தூரத்திலிருந்து அடித்த கோல் வெற்றியைத் தந்தது. இரு தினங்களில் டார்பி தோற்றதும் தரமுயர்வு உறுதியாயிற்று. மே 6 இல் லூட்டனை 5-0 என வென்று, பேர்மிங்ஹாமைவிட இரண்டு புள்ளிகள் கூடுதலாக, 88 புள்ளிகளுடன் சண்டர்லண்ட் முதலிடம் பெற்றது.

பின்னர் நடந்தவற்றைச் சுருக்கமாகவே சொல்லலாம். அடுத்த வருடம் பிறீமியர் லீக்கில் 15 ஆவது இடம். 2008 ஒக்டோபரில் அயலூர் எதிரியான நியூகாசிலைச் சொந்த மைதானத்தில் 28 வருடங்களின் பின்னர் வென்ற கீன், அதே டிசம்பரில் பதவி விலகினார். இப்ஸ்விச் கழகத்தில் 2009 முதல் 2011 ஜனவரி வரை இருந்த காலம் அவருக்குப் பெருமை சேர்க்கவில்லை. அதன் பின்னர் அயர்லாந்து அணியிலும் வேறு கழகங்களிலும் துணைப் பொறுப்புகளையே வகித்தார். பெரும்பாலானோர் இன்று அவரை அறிந்திருப்பது தொலைக்காட்சி விமர்சகராகவே.

பின்னைய தோல்விகளை வைத்து முன்னைய வெற்றியை அதிர்ஷ்டம் என்று தள்ளிவிடும் வழக்கமும் உண்டு. அதுவும் கோபக் கதையைப் போலவே சோம்பேறித்தனமானது. 46 ஆட்டங்கள் கொண்ட ஒரு தொடரில், நான்கு ஆட்டங்களைத் தோற்றுத் தொடங்கிய கழகம் முதலிடம் பெறுவதற்கு அதிர்ஷ்டம் எவ்வளவு காலம் துணைநிற்கும்? இப்ஸ்விச்சில் இருந்த கீனும் அதே கீன்தான். அங்கு ஒரு குவின் இருக்கவில்லை. சண்டர்லண்டிலும், 2008 இல் அமெரிக்க முதலீட்டாளர் எலிஸ் ஷோர்ட் பங்குதாரராக வந்ததன் பின்னர் கீனுக்கு மேலே இருந்தவர் குவின் மட்டுமல்லர். சில வாரங்களிலேயே கீன் போய்விட்டார். குவின் 2011 வரை தலைவராக இருந்தார்.