பிழையைச் சொன்னால் சிறை, சொல்லாவிட்டால் மரணம்: செவிலியரும் நோயாளி பாதுகாப்பும்

ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் 17 அன்று உலக நோயாளி பாதுகாப்பு நாள் கடைப்பிடிக்கப்படுகிறது. 2019இல் தொடங்கிய இந்நாளில் மருத்துவமனைகளில் உறுதிமொழி ஏற்கப்படுகிறது, பதாகைகள் கட்டப்படுகின்றன. ஆனால் நோயாளியின் உயிரைத் தீர்மானிக்கும் கேள்வி வேறொன்று. இரவுப் பணியில் இருக்கும் ஒரு செவிலியர், ‘தவறு நேர்ந்துவிட்டது’ என்றோ, ‘மருத்துவர் எழுதிய இந்த அளவு கூடுதலாகத் தெரிகிறது’ என்றோ அச்சமின்றிச் சொல்ல முடியுமா?

இது நற்பண்பு குறித்த கேள்வியன்று. பொட்டாசியம் குளோரைடு மருந்தை எடுத்துக்கொள்வோம். நீர்க்கச் செய்யாமல் நேரடியாக நரம்பில் செலுத்தினால் அது இதயத் துடிப்பையே நிறுத்திவிடும். அதன் சிறு குப்பிகள் மற்ற மருந்துக் குப்பிகளைப் போலவே தோற்றமளிப்பதால் பல நாடுகளில் உயிர்கள் பறிபோயின. ‘கவனமாக இருங்கள்’ என்ற அறிவுரை இதற்குத் தீர்வாகவில்லை. அடர் மருந்தை வார்டு அலமாரியிலிருந்தே அகற்றி, மருந்தகத்தின் கட்டுப்பாட்டில் வைப்பதே தீர்வாயிற்று. நூலிழையில் தப்பிய பிழைகளையும் ஊழியர்கள் வெளியே சொல்லும் இடத்தில்தான் இத்தகைய மாற்றம் பிறக்கிறது. சொல்பவர் தண்டிக்கப்படும் இடத்தில் அடுத்த நோயாளி அதே குப்பிக்கு இரையாகிறார்.

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் நடந்த வழக்கு இதற்குச் சான்று. 2017 டிசம்பரில் நாஷ்வில் நகரின் வாண்டர்பில்ட் மருத்துவமனையில், பதற்றம் தணிக்கும் மருந்துக்குப் பதிலாகத் தசைகளைச் செயலிழக்கச் செய்யும் மருந்து செலுத்தப்பட்டு ஒரு மூதாட்டி இறந்தார். செவிலியர் தம் பிழையை உடனே ஒப்புக்கொண்டார். மருத்துவமனை நிர்வாகமோ மரணத்தின் உண்மைக் காரணத்தை அரசு அதிகாரிகளுக்கு அறிவிக்கவில்லை. குடும்பத்துடன் நீதிமன்றத்துக்கு வெளியே சமரசம் செய்துகொண்டது. 2022 மார்ச்சில் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டவர் செவிலியர் மட்டுமே. உண்மையைச் சொன்னவர் குற்றவாளிக் கூண்டிலும், மறைத்த நிறுவனம் அதற்கு வெளியிலும் நின்றதைச் செவிலியர் சமூகம் கண்டது.

நம் நாட்டின் சட்டம் இதைவிட வெளிப்படையான பாகுபாட்டைக் கொண்டிருக்கிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 304ஏ பிரிவில், கவனக்குறைவால் மரணம் விளைவித்தால் எவருக்கும் அதிகபட்சம் 2 ஆண்டு சிறை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(1) பிரிவு இதனை 5 ஆண்டாக உயர்த்தியது. ஆனால் இந்திய மருத்துவர் சங்கத்தின் கோரிக்கையை ஏற்று, பதிவுபெற்ற மருத்துவருக்கு மட்டும் அது 2 ஆண்டாகவே வைக்கப்பட்டது. தேசிய அல்லது மாநில மருத்துவப் பதிவேட்டில் பெயர் உள்ளவரே ‘பதிவுபெற்ற மருத்துவர்’ என்று விளக்கமும் தருகிறது சட்டம். செவிலியர் அந்தப் பதிவேட்டில் இல்லை. ஒரே அறை, ஒரே நோயாளி, ஒரே சிகிச்சை. மருந்தை எழுதியவருக்கு 2 ஆண்டு, செலுத்தியவருக்கு 5 ஆண்டு. 2005இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்சநீதிமன்றம் வகுத்த வழிகாட்டுதல்களும், அதாவது சார்பற்ற மருத்துவக் கருத்தைப் பெற்ற பின்பே வழக்குத் தொடர வேண்டும், வழக்கமான முறையில் கைது செய்யக் கூடாது என்பவையும், மருத்துவரை முன்னிறுத்தியே எழுதப்பட்டவை.

இது தற்செயலன்று. அமைப்பாகத் திரண்டு நாடாளுமன்றத்தின் செவியை எட்ட வல்லவர்களுக்கு விலக்கு கிடைத்தது. எட்ட முடியாதவர்களுக்குத் தண்டனை கூடியது. இரத்தத்தையும் மலத்தையும் தொடும் வேலை என்பதால் செவிலியப் பணியைச் சாதி இந்துக் குடும்பங்கள் நெடுங்காலம் தீட்டாகக் கருதின. காலனிய ஆட்சியில் அப்பணியைப் பெருமளவு சுமந்தவர்கள் கிறித்தவப் பெண்கள். அவர்களுள் தலித் பெண்களும் இருந்தனர். அண்ணல் அம்பேத்கர் படிநிலைச் சமத்துவமின்மை என்று பெயரிட்ட ஒழுங்கு மருத்துவமனை வாயிலோடு நின்றுவிடுவதில்லை. மருத்துவரைக் கேள்வி கேட்கத் தயங்கும் செவிலியர், அவரிடம் வாய் திறக்கத் தயங்கும் வார்டு உதவியாளர், எவராலும் பொருட்படுத்தப்படாத தூய்மைப் பணியாளர் என அது கீழிறங்குகிறது. உண்மை மேலே செல்ல வேண்டும். பழியோ கீழே இறங்குகிறது.

வேலைப் பாதுகாப்பின்மை இந்த மௌனத்தை மேலும் இறுக்குகிறது. 2015இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாக மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் நியமிக்கப்பட்ட செவிலியர்கள், பணி நிரந்தரம் கோரி 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் திரண்டதை நாம் அறிவோம். தனியார் துறையில், 50 படுக்கைகளுக்குக் குறைவான மருத்துவமனையிலும் 20,000 ரூபாய்க்குக் குறையாத ஊதியம் வேண்டும் என்று, உச்சநீதிமன்ற ஆணையின்படி அமைந்த குழு 2016இல் பரிந்துரைத்தது. அது பெரும்பாலும் பரிந்துரையாகவே நிற்கிறது. ஒப்பந்தம் நீட்டிக்கப்படுமா என்று அஞ்சுபவரிடம் ‘பிழையை எழுதிக் கொடு’ என்பது, ‘பணிநீக்க ஆணையை நீயே எழுதிக் கொடு’ என்பதற்கு நிகர்.

செவிலியருக்குத் தண்டனையே கூடாது என்று நாம் வாதிடவில்லை. பிழையால் முதலில் சாகிறவர்கள் அரசு மருத்துவமனையை மட்டுமே நம்பியிருக்கும் நம் மக்கள். உண்மையை அறியவும் இழப்பீடு பெறவும் அவர்களுக்கு முழு உரிமை உண்டு. மனிதத் தவறும் அப்பட்டமான அலட்சியமும் வேறு வேறு என்பதே நம் வாதம். ஒரே செவிலியரிடம் அளவுக்கு மீறிய நோயாளிகளை ஒப்படைக்கும் நிர்வாகத்தை விட்டுவிட்டு, அந்தச் செவிலியரை மட்டும் பணியிடை நீக்கம் செய்வதால் எந்தக் குடும்பத்துக்கும் நீதி கிடைக்காது.

எனவே நம் கோரிக்கைகள் தெளிவானவை. 106(1) பிரிவின் பாகுபாடு நீக்கப்பட வேண்டும். கைதுக்கு முன் சார்பற்ற நிபுணர் கருத்து என்னும் பாதுகாப்பு செவிலியருக்கும் சட்டமாக வேண்டும். பிழையை அறிவிப்பவரின் அடையாளம் காக்கப்பட வேண்டும். விசாரணைக் குழுக்களில் செவிலியரும், பட்டியல் சாதி, பழங்குடிப் பிரதிநிதிகளும் இடம்பெற வேண்டும். அக்குழுக்கள் பணியாளர் எண்ணிக்கையையும் பணி நேரத்தையும் கட்டாயம் ஆராய வேண்டும். நிரந்தரப் பணியிடங்கள் நிரப்பப்பட வேண்டும்.

செவிலியரின் உரிமையும் நோயாளியின் உரிமையும் எதிரெதிரானவை அல்ல. சட்டம் பயிலும் மாணவர்களும் களத்தில் நிற்கும் தோழர்களும் இவ்விரண்டையும் ஒரே கோரிக்கையாக எழுப்ப வேண்டிய நேரம் இது.