தழுவல் எதற்கு விசுவாசமாக இருக்க வேண்டும்?

தொலைக்காட்சியில் வெற்றி பெற்ற ஒரு தொடர் சித்திரக்கதையாக வெளிவரும்போது, அதை வணிகத்தின் உபரிப் பொருளாகவே நாம் பார்க்கிறோம். பனியன், பென்சில் பெட்டி, பொம்மைத் துப்பாக்கி ஆகியவற்றோடு சேர்த்து எண்ணப்படும் இன்னொரு சரக்கு. மதிப்பிட நேர்ந்தாலும் நம்மிடம் இருப்பது ஒரே அளவுகோல்தான்: மூலத்தோடு எவ்வளவு ஒத்துப்போகிறது? அறிவியல் புனைகதைத் தொடர்களுக்கு இந்த அளவுகோல் போதாது என்பது நம் கருத்து.

அமெரிக்காவில் ‘ஸ்டார் ட்ரெக்’ 1966இல் தொடங்கியது. மறு ஆண்டே கோல்ட் கீ நிறுவனம் அதைச் சித்திரக்கதை இதழாக்கியது. தொடக்க இதழ்களை வரைந்த இத்தாலிய ஓவியர்கள், விண்கலத்தின் குழல்கள் ராக்கெட்டைப் போல நெருப்பைக் கக்குவதாகத் தீட்டிவிட்டார்கள். ரசிகர்கள் இன்றும் சொல்லிச் சிரிக்கும் பிழை இது. ஆனால் முதல் இதழின் உண்மையான கோளாறு அந்த நெருப்பில் இல்லை. கொடிய தாவரங்கள் நிறைந்த ஒரு கோளில் இறங்கும் குழுவினர், இறுதியில் அங்குள்ள தாவர உயிர்கள் அனைத்தையும் வானிலிருந்து கதிர் பாய்ச்சி அழித்துவிட்டுக் கிளம்புகிறார்கள். அதே 1967இன் மார்ச் மாதம் தொலைக்காட்சியில் வந்த ‘தி டெவில் இன் தி டார்க்’ கதையை இதனருகே வைத்துப் பார்க்கலாம். அதில் சுரங்கத் தொழிலாளரைக் கொல்லும் பாறை உயிரி, தன் முட்டைகளைக் காக்கப் போராடும் தாய் என்று தெரியவருகிறது. கொல்ல வந்தவர்கள் அதனோடு உடன்பாடு செய்துகொள்கிறார்கள். சித்திரக்கதை பெயரையும் சீருடையையும் வாங்கிக்கொண்டது. அவற்றை அணிந்தவர்களின் மனசாட்சியை வாங்கவில்லை.

பிரிட்டனில் 1965 ஜனவரியில் தொடங்கிய ‘டிவி செஞ்சுரி 21’ வார இதழ் இதற்கு நேர்மாறான சான்று. அதில் ‘தண்டர்பேர்ட்ஸ்’ தொடரை வரைந்தவர் ஃபிராங்க் பெல்லமி. திரையில் அது பொம்மைகளின் கதை. கம்பியில் தொங்கும் அந்தப் பொம்மைகளால் சரியாக நடக்க இயலாது என்பதால், நடக்கும் காட்சிகளையே இயன்றவரை தவிர்த்தார்கள். பெல்லமியின் பக்கங்களிலோ அவர்கள் ஓடுகிறார்கள், பதறுகிறார்கள். திரையைப் பார்த்து அவர் பொம்மைகளை வரையவில்லை. ஆபத்தில் சிக்கிய மனிதரை மீட்கும் மனிதர்களை வரைந்தார். தொடரின் கருவே அதுதான்.

அதே இதழில் வந்த டாலெக்குகளின் கதை இன்னும் வியப்பானது. ‘டாக்டர் ஹூ’ தொடரின் நாயகனை வரையும் உரிமை வேறோர் இதழிடம் இருந்தது. ஆகவே நாயகன் இல்லாமல், பகைவரை மட்டும் வைத்து வாரம் ஒரு பக்கம் கதை சொல்ல வேண்டியதாயிற்று. தொடரின் முதல் கதைப் பதிப்பாசிரியரான டேவிட் விட்டேகரே இதன் பெரும்பகுதியை எழுதியவர். தொலைக்காட்சி அப்போது கறுப்பு வெள்ளை. டாலெக் படையைப் பெருக்கிக்காட்ட அட்டையில் ஒட்டிய புகைப்படங்களை நிறுத்திவைத்த காலம். தாளிலோ வண்ணத்தில் நகரங்களும் விண்கலக் கூட்டங்களும் எழுந்தன. தம்மினம் அல்லாத எதையும் வெறுக்கும் ஓர் இனத்தின் வரலாற்றை, அந்த இனத்தின் பக்கத்தில் நின்றே வாசகர் பார்க்க நேர்ந்தது. நாயகன் இல்லாவிட்டாலும், வெறுப்பு எப்படி ஓர் அரசாக வளர்கிறது என்ற மூலத்தின் அச்சம் அங்கே முழுமையாக இருந்தது.

அப்படியானால் தழுவுபவர் எதையும் மாற்றலாமா என்று கேட்கக்கூடும். மாற்றலாம். பணமும் கருவிகளும் திரைக்கு விதித்த எல்லைகளை ஓவியர் மதிக்க வேண்டியதில்லை. எந்தக் கேள்வியால் அத்தொடர் உயிர்பெற்றதோ, அந்தக் கேள்வியை மட்டும் அவர் கைவிடக் கூடாது. நடிகரின் மூக்கு ஒத்திருக்கிறதா என்று உருப்பெருக்கியோடு உட்காரும் விமரிசனம் பெல்லமியையும் விட்டேகரையும் தவறவிட்டுவிடும். ஒரு கோளையே எரித்துவிட்டுப் போகிறவர்களைச் சீருடை சரியாக இருக்கிறதென்று மன்னித்தும் விடும்.