எட்ட நின்று பார்த்தல்

சென்ற விடுமுறைக்குக் கனடாவிலிருந்து வந்திருந்த என் பேரனை உடவளவைக்கு அழைத்துச் சென்றேன். தாயை இழந்த யானைக்குட்டிகளை வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தார் அங்கே பேணி வளர்க்கின்றனர். பகல் 12 மணி. பால் கொடுக்கும் வேளை. வேலிக்கு இப்பால் உயர்ந்ததொரு மேடையில், பல தேசத்து உல்லாசப் பிரயாணிகளோடு நாங்களும் நெருக்குண்டு நின்றோம். படலை திறந்தது. குட்டிகள் நான்கைந்தாக ஓடிவந்தன. புனலிலே பாலை வார்க்க, அதனோடு பொருத்திய குழாயை வாயிற் கவ்வி ஒவ்வொன்றும் உறிஞ்சிற்று. தன் பங்கு தீர்ந்த பின்னும் போக மனமின்றி அலறிய ஒன்றைப் பணியாளர் கையசைத்து அப்பால் அனுப்பினார். தடவவுமில்லை, கொஞ்சவுமில்லை. சற்று நேரத்தில் யாவும் முடிந்தன. குட்டிகள் பற்றைகளை நோக்கி நடந்தன.

"அம்மப்பா, ஒருக்காத் தொட்டுப் பாக்கேலாதோ?" என்றான் பேரன்.

"ஏலாது தம்பி."

அவன் முகம் வாடிற்று. அருகில் நின்ற வெள்ளைக்காரத் தம்பதியரும் அதே ஏமாற்றத்தோடுதான் படியிறங்கினர். இவ்வளவு தூரம் வந்து, இவ்வளவு தூரத்தில் நிற்பதா என்பது அவர்கள் எண்ணமாயிருக்கலாம். அந்த ஏமாற்றமே அந்நிலையத்தின் பெருஞ்சிறப்பு என்பது என் கட்சி.

இதைச் சொல்ல எனக்குள்ள தகுதி சொற்பம் என்பதையும் ஒப்புக்கொள்ளுகிறேன். இவனுடைய தாய் சிறுமியாயிருந்த காலத்தில் அவளைப் பின்னவலைக்குக் கூட்டிச் சென்று, கையிலே பாற்போத்தலைக் கொடுத்து, குட்டியொன்றின் நெற்றியிற் சாய்த்துப் படம் பிடித்தவன் நான். அப்படம் இன்றும் எங்கள் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. வருவோரெல்லாம் அதைப் பார்த்து மகிழ்வர். படத்திலிருந்த குட்டி பின்னர் என்னவாயிற்று என்று எவரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

பின்னவல இல்லம் 1975ஆம் ஆண்டில், கைவிடப்பட்ட சில குட்டிகளுக்குப் புகலிடமாகத் தொடங்கிற்று. 1978இல் அது மிருகக்காட்சிசாலைத் திணைக்களத்தின் பொறுப்பில் வந்தது. 1984இல் அங்கேயே ஒரு குட்டி பிறந்தது. அநாதைகளுக்கென எழுந்த இல்லத்தில் தாயும் தந்தையும் உள்ள குட்டிகள் பிறந்து வளரலாயின. மகா ஓயாவிலே யானைக்கூட்டம் நீராடும் காட்சி உலகப் புகழ் பெற்றது. அதைப் பழிக்க நான் வரவில்லை. மிதிவெடியில் முன்காலை இழந்த யானையொன்றை அங்கே கண்டிருக்கிறேன். மூன்று காலில் நடக்கும் பிராணிக்கு எந்தக் காடு இடங்கொடுக்கும்? அத்தகையவற்றுக்கு அந்த இல்லமே கதி. ஆனால் நாலு காலும் நன்றாயுள்ள குட்டிக்கு?

அக்கேள்விக்கு விடையாகவே 1995இல் உடவளவை நிலையம் அமைந்தது. அதன் பெயரைத் தமிழில் 'இடைத்தங்கல்' என்று சொல்லுகிறோம். அந்தச் சொல்லை எங்கள் மக்கள் வேறு இடங்களில், வேறு காரணங்களுக்காக நன்கறிவர். சில நாட்களுக்கென்று போய்ப் பல ஆண்டுகள் இருந்தவர்களுமுண்டு. யானைகளின் விஷயத்திலாவது சொல் தன் பொருளைக் காப்பாற்றிக்கொண்டது. மூன்று மணிக்கொரு தடவை, இரவும் பகலும், பால் ஊட்டுகிறார்கள். மற்ற வேளைகளில் குட்டிகள் தம்முள் கூடித் திரிந்து, புல்லும் இலையும் தின்னப் பழகுகின்றன. ஏறத்தாழ 5 வயதானதும், ஒன்றோடொன்று ஒட்டி வளர்ந்தவற்றைக் கூட்டமாகவே காட்டில் விடுகின்றனர். 1998இல் முதற்கூட்டம் போயிற்று. அதன்பின் இன்றுவரை 100க்கு மேற்பட்டவை போய்விட்டன.

தொட்டால் என்ன கெட்டுவிடும் என்று கேட்போருக்கு நான் காட்ட விரும்பும் இடம் தொலைவில் இல்லை. உடவளவைத் தேசிய வனத்தின் ஓரமாகச் செல்லும் வீதியிலே, மின்வேலிக்கு அப்பால், முழுவளர்ச்சி பெற்ற காட்டு யானைகள் வரிசையாக நின்று பழத்துக்காகத் துதிக்கை நீட்டுகின்றன. வாகனங்கள் நிற்கின்றன, வாழைப்பழமும் தர்ப்பூசணியும் பறக்கின்றன. உணவளித்தல் தடை செய்யப்பட்டதாயினும் தருமம் செய்வதாக எண்ணிக்கொண்டு கொடுக்கிறார்கள். மனிதன் என்றால் தின்பண்டம் என்று கற்ற யானை, வேலி விழுந்த இரவில் எங்கே போகும்? குசினிக்கும் நெற்களஞ்சியத்துக்கும்தான் போகும்.

அங்கே அதற்குக் காத்திருப்பவன் உல்லாசப் பிரயாணியல்லன். பரணிலே கண்விழித்திருக்கும் கமக்காரன். வன்னியிலும் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் ஒரு போகத்து வெள்ளாமை ஓரிரவிலே மிதிபட்டுப் போவதைக் கண்டவர்கள் 'யானை அழகு' என்று பேசுவதில்லை. 2023ஆம் ஆண்டில் மட்டும் இந்நாட்டில் 400க்கும் மேற்பட்ட யானைகள் மாண்டன. 150க்கும் மேற்பட்ட மனிதர்கள் யானைகளால் மாண்டனர். தோட்டாவும், சட்டவிரோத மின்கம்பியும், தீனிக்குள் மறைத்து வைக்கும் 'ஹக்கபட்டாஸ்' எனும் வாய்வெடியும் யானைகளைக் கொல்லுகின்றன. வாய்வெடியைக் கடித்த யானை, தாடை சிதைந்து, பல நாள் பட்டினி கிடந்து சாகும். அதன் குட்டிகளிலே அதிர்ஷ்டமுள்ளது மேடைக்கு முன்னால் வந்து பால் குடிக்கிறது. நாம் படம் எடுக்கிறோம்.

குட்டிக்காக இரங்குவது எளிது. கமக்காரனுக்காக இரங்கக் கட்டணச்சீட்டு விற்கும் இடம் எங்குமில்லை. இவ்விரண்டு இரக்கங்களும் ஒன்றென உணராதவரையில், ஒரு புறத்தில் நூறு குட்டிகளை வளர்த்துவிட, மறுபுறத்தில் அவற்றுக்குக் குழி வெட்டிக்கொண்டிருப்போம். வளவை கங்கையை மறித்து நீர்த்தேக்கம் கட்டியபோது இடமிழந்த விலங்குகளுக்கென்றே 1972இல் இவ்வனம் ஒதுக்கப்பட்டது. அதன் பரப்பு 308 சதுர கிலோமீற்றர். யானைக்கு அது பெரிய இடமன்று. வெளியே விடப்படும் குட்டி என்றோ ஒருநாள் ஒரு கிராமத்தின் ஓரத்திலே மனிதனைச் சந்தித்தே தீரும். அன்று அது அவனைக் கண்டு பயந்து விலக வேண்டும். அந்தப் பயத்தைக் கெடுத்துவிடாமலிருப்பதற்காகவே எங்களை மேடையில் நிறுத்தினார்கள்.

திரும்பும் வழியில் பேரன் தன் படங்களைப் பார்த்துக்கொண்டு வந்தான். பெரும்பாலும் முதுகுகளும் வால்களுமே.

"அடுத்தமுறை வரேக்கை இவை நிக்குமோ அம்மப்பா?"

"நிக்கக் கூடாதெண்டுதான் இவ்வளவு பாடும்."

அவன் சிறிது நேரம் பேசாதிருந்தான். பிறகு, எம்பிலிப்பிட்டியில் தயிர்ச்சட்டி வாங்கித் தருவதாக நான் சொன்னதை நினைவூட்டினான்.